கண்ணால் ஊற்றிய மருந்து

இப்போது கடையில் வாங்குகிற இருமல் மருந்துப் போத்தல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பை கவிழ்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கோடுகள். வாங்குகிறவர்கள் அதைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எழுபது வயதுக்காரனின் கோபத்தை யார் கவனிக்கிறார்கள்?

சென்ற மாதம் மருந்தாளர் பரீட்சை எழுதிவிட்டு வந்த இளைஞர்கள் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். இருமலுக்குக் கொடுக்கும் கோடீன் மருந்துகளுக்கு இப்போது எவ்வளவு கட்டுப்பாடு என்று கதைத்துக்கொண்டிருந்தவர்கள், "உங்கடை காலத்திலை பச்சைக் குழந்தைக்கும் அபின் கலந்து குடுத்தனீங்களாம். பயமில்லையோ ஐயா?" என்று கேட்டார்கள்.

"பயமிருந்தது. கொஞ்சம் பிந்தித்தான் வந்தது" என்றேன்.

அவர்கள் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். பகிடி அல்ல என்பதை எழுதித்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நான் வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் அரசாங்க டிஸ்பென்சரியில் மருந்து கலப்பவனாக இருந்தேன். கிராமத்தின் பெயர் வேண்டாம். பருத்தித்துறைக்குப் போகிற வீதியிலிருந்து உள்ளே தள்ளி, புகையிலைத் தோட்டங்களுக்கும் பனங்காணிகளுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தராசு, கல்லுரல், இலத்தீன், மூட்டைப்பூச்சி. பரீட்சையில் கைவேலைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளிதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு இருபத்தாறு வயது. என் கை பிழைக்காது என்று நம்பியிருந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் அருளம்பலம் அப்போதிக்கரி, டாக்குத்தர் பட்டம் இல்லாத அரசாங்க வைத்தியர். ஊரார் அவரை டாக்குத்தர் ஐயா என்பார்கள். ஒல்லி மனிதர், வெள்ளைக் கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் கீரிமலைக்குப் போய் முழுகிவிட்டு வருவார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. அவருடைய முறை வேறு. ஒரு கேள்வியைக் கேட்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். பதில் பிடிக்காவிட்டால் அதே கேள்வியை, ஒரு சொல்லும் மாற்றாமல், முதல் தரத்தைவிட மெதுவாக இன்னொரு தரம் கேட்பார். அந்த இரண்டாம் கேள்விக்கு முன்னால் பொய் நின்றதை நான் கண்டதேயில்லை.

இருமல் மருந்தை நாங்களே கலந்தோம். அபின் டிங்சர் இருமலை அடக்கும். நரிவெங்காயமும் இப்பிக்காக் என்கிற வேரின் சாறும் சளியை இளக்கும். மேலே சீனிப்பாணி சேர்த்தால் பிள்ளைகள் துப்பாமல் விழுங்கும். ஒன்று கட்ட, ஒன்று அவிழ்க்க, ஒன்று சமாதானம் பேச. அபின் போத்தல் தனி அலுமாரியில் பூட்டி இருந்தது. அதன் திறப்பு அப்போதிக்கரியின் இடுப்பில். அவர் முன்னிலையில் எடுத்து, பதிந்து, கலக்கவேண்டும். தினமும் கலந்துகொண்டிருக்க நேரமில்லாதபடியால் செறிவாகக் கலந்து சாடியில் வைத்துவிட்டு, கொடுக்கிறபோது தண்ணீர் சேர்ப்போம்.

சிறு பிள்ளைகளுக்கு இந்த மருந்தைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது அருளம்பலத்தாரின் சட்டம். அனுப்பினால் ஒரே நாளில் சுகம் வரட்டும் என்று முழுவதையும் பருக்கிவிடுவார்கள் என்பார். ஆகவே தாய்மார் காலையும் பின்னேரமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்கு வருவார்கள். நான் அளவுக் கிளாசில் முதலாம் கோட்டுக்குச் சாடி மருந்தும், மூன்றாம் கோட்டுக்குக் கொதித்தாறிய தண்ணீரும் விட்டுக் கொடுப்பேன். பிள்ளை அங்கேயே குடிக்கும். கிளாசைக் கழுவி அடுத்த பிள்ளைக்கு. எங்களிடம் இருந்தது அந்த ஒரு கிளாஸ்தான்.

யன்னலுக்கு வராதவர்களும் இருந்தார்கள். வரக்கூடாதவர்கள் என்று சொன்னால்தான் சரி. பனையேறுகிறவர்கள், கூலிக்கு மண் வெட்டுகிறவர்கள் எல்லாம் முற்றத்து வேம்பின் கீழ் நிற்பார்கள். கையில் பிளா இருக்கும். பிளா என்றால் பனங்குருத்தோலையை மடித்துக் கட்டிய கூம்பு. கள்ளானாலும் தண்ணீரானாலும் அவர்களுக்கு அதிலேதான். டிஸ்பென்சரிக் கிளாஸ் அவர்கள் வாயில் படக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஊர் எழுதி வைத்திருந்தது. கிளாசில் அளந்து பிளாவில் ஊற்றலாமே என்று கேட்பீர்கள். ஊற்றும்போது விளிம்பு ஓலையில் தட்டுப்பட்டுவிட்டால் பிறகு யன்னலில் நிற்கிறவர்கள் அந்தக் கிளாசைத் தொடமாட்டார்கள். அதனால் எனக்கு முன் அங்கே இருந்தவர் சாடி மருந்தை ஒரு சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், உயரத்திலிருந்து கண்ணளவாக ஊற்றினார். நானும் அப்படியே செய்தேன். பிறகு தண்ணீர்ச் செம்பால் தண்ணீர். அப்போதிக்கரியின் மேசை உள்ளறையில், முற்றத்துக்கு முதுகு காட்டி இருந்தது. அவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

ஒரு மாசி மாதம் ஊரில் குக்கல் என்கிற கக்குவான் இருமல் பரவியது. பிள்ளை மூச்சு விடாமல் இருபது முப்பது தரம் இருமி, முகம் நீலமாகி, கடைசியில் குக்கென்று காற்றை இழுக்கும். கேட்கிறவருக்கே மூச்சு முட்டும். யன்னலில் ஒரு வரிசை, வேம்பின் கீழ் ஒரு வரிசை. வேம்பின் கீழ் நின்றவர்களில் செல்லி என்ற பெண் ஒருத்தி. புருஷன் தம்பன் கள்ளுச் சீவுகிறவன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் தங்கிய ஒரே மகன் கதிரனை இடுப்பில் வைத்திருந்தாள். இரண்டு வயது இருக்கும். அவள் என்னைவிட மூத்தவள். ஆனாலும் நான் அவளை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை "ஐயா" என்றாள்.

மூன்றாம் நாள் காலை அவள் பிளாவை நீட்டியபடி, "ஐயா, ராத்திரி முழுக்கச் சத்தி. குடிச்ச மருந்தெல்லாம் வெளியிலை வந்திட்டுது. கொஞ்சம் கூட விடுங்கோ" என்றாள். பிள்ளையின் கண் இரண்டும் இருமி இருமி இரத்தமாய்ச் சிவந்திருந்தன. எனக்கு இரக்கம் வந்தது. கையைக் கொஞ்சம் சரித்தேன். அவள் இன்னும் நீட்டிக்கொண்டே நின்றாள். இன்னும் கொஞ்சம் சரித்தேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் சட்டம்பியார் என்னை நூறு தரம் எழுத வைத்தவர். எழுதி என்ன?

இரண்டு மணித்தியாலம் கழித்து அவள் திரும்பி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. ஒரு கட்டுப் பனங்கிழங்கைப் படியில் வைத்துவிட்டு, "ஐயா, நல்ல கைராசி உங்களுக்கு. இருமல் அப்பிடியே நிண்டுபோச்சு. பாருங்கோ, எப்பிடி நித்திரை கொள்ளுறான் எண்டு" என்றாள். பிள்ளை அவள் தோளில் தலை தொங்கக் கிடந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளறையில் கதிரை சறுக்குகிற சத்தம் கேட்டது. அருளம்பலத்தார் எழுந்து வந்தார். நேரே முற்றத்தில் இறங்கி, பிள்ளையின் கண்மடலைத் தூக்கிப் பார்த்தார். அபின் கூடினால் சுருங்குகிறபடி கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் கை வைத்து, சட்டைப் பையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தபடி என்னைக் கேட்டார்.

"எவ்வளவு குடுத்தனீர்?"

"முதலாம் கோட்டுக்கு, ஐயா."

பிள்ளையை மேசையில் கிடத்தினார். "எவ்வளவு குடுத்தனீர்?" என்றார், மெதுவாக.

"அளக்கேல்லை ஐயா. கண்ணாலை ஊத்தினனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கொண்டிஸ் கலவும். கெதியா. கடுங்கோப்பி வைக்கச் சொல்லும்" என்றார்.

அபினை முறிக்கிற ஊதா நிறக் கொண்டிஸ் தண்ணீரை ரப்பர்க் குழாயால் வயிற்றுக்குள் விட்டு வெளியே எடுத்தோம், மூன்று தரம். ஊசி போட்டார். பிள்ளை கண் திறக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் பத்து மட்டும் எண்ணினேன். ஒருமுறை எண்ணிக்கை பதினாறுக்குப் போனது. அவர் பிள்ளையின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பிறகு மடக்கி நெஞ்சில் அழுத்தி, மறுபடி தூக்கி, இப்படியே செய்துகொண்டிருந்தார். வேர்வை அவருடைய மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"தாயைக் கூப்பிடும். நித்திரைக்கு விடக்கூடாது. தெரிஞ்ச குரல் வேணும்" என்றார்.

செல்லி வாசற்படியில் நின்றாள். அந்தப் படியை அவள் அதுவரை மிதித்ததில்லை. "உள்ளுக்கு வா பிள்ளை. வந்து அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றார் அப்போதிக்கரி. அவள் வந்தாள்.

மருந்துக்கு வந்திருந்த ஊர்த் தலைமைக்காரர் விதானையார் யன்னலால் எட்டிப் பார்த்து, "உதென்ன டாக்குத்தர், உவளை உள்ளுக்கு விட்டிட்டியள்?" என்றார்.

பிள்ளையின் கைகளைத் தூக்கி இறக்கியபடியே அருளம்பலத்தார் கேட்டார்: "உங்களுக்கு என்ன வருத்தம்?"

"எனக்கொரு வருத்தமுமில்லை. மனுசிக்கு மருந்தெடுக்க..."

"உங்களுக்கு என்ன வருத்தம்?" மெதுவாக.

விதானையார் தலையை இழுத்துக்கொண்டார்.

கதிரன், கதிரன், என்ரை ராசா, முழிச்சுப் பார் என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் உள்ளங்காலைச் சுண்டினேன். கோப்பியைத் துளி துளியாகக் கடைவாயில் விட்டேன். எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். நல்லூரானுக்கு நேர்த்தியும் வைத்தேன். நடுப்பகல் தாண்டியது. வெளியே வரிசை கலைந்துபோயிருந்தது. மேசையில் கிடந்த பிள்ளை முகத்தைச் சுளித்தான். உடம்பை முறுக்கினான். பிறகு இருமினான். இருபது, முப்பது தரம் இருமி, குக்கென்று காற்றை இழுத்து, வீரிட்டு அழுதான்.

எத்தனையோ ஆயிரம் பேருடைய இருமலை நிறுத்தியிருக்கிறேன். ஒரு இருமலைக் கேட்டு அழுதது அன்றைக்குத்தான். அருளம்பலத்தார் கதிரையில் இருந்து, மிச்சமிருந்த கடுங்கோப்பியைத் தானே குடித்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போது செல்லி என்னிடம், "என்ன நடந்தது ஐயா?" என்று கேட்டாள். நான் சொன்னது இது: "மருந்து பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை." அவள் தலையாட்டினாள். "எங்கடை பிள்ளையளின்ரை உடம்புதான் அப்பிடி" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு போனாள். நான் அவளைப் போகவிட்டேன். மருந்தை அதிகம் ஊற்றியது கைப்பிழை. இது கைப்பிழை அல்ல.

அப்போதிக்கரி எனக்கு மூன்று வேலை தந்தார். முதலாவது, நடந்ததை என் கையாலேயே எழுதி மேலதிகாரிக்கு அனுப்புவது. அனுப்பினேன், ஒரு கண்டனக் கடிதம் வந்தது. இரண்டாவது, இனி யாராயிருந்தாலும் மருந்து கிளாசில் அளந்துதான். அதிலே நான் ஒரு பாதி வழி கண்டுபிடித்தேன். முற்றத்துக்குக் கிளாசைக் கொண்டுபோய், அளந்து, ஓலையில் தட்டாமல் உயரத்திலிருந்து பிளாவில் ஊற்றினேன். அளவு சரியாயிருந்தது, ஊரும் சும்மா இருந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாவது, காலையும் பின்னேரமும் நான் கதிரனின் வீட்டுக்குப் போய் அவனைப் பார்த்து வருவது.

சைக்கிளில் போனேன். பனங்காணிக்குள் ஓலைக் குடிசை. அபின் சேராத மருந்தை அளந்து, அவள் நீட்டிய பிளாவில் ஊற்றிக் கொடுத்தேன். அது குக்கலை அசைக்கவில்லை. நாளுக்கு நாள் மோசமானது. ஊட்டிய கஞ்சியெல்லாம் இருமலோடு வெளியே வந்தது. எட்டாம் நாள் பிள்ளையின் விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. அருளம்பலத்தார் தானே வந்து பார்த்தார். திரும்பி வரும் வழியில் சொன்னார்: "உப்பிடியே விட்டால் இருமலாலை இல்லை, பட்டினியாலை போயிடும். அபின் சேர்ந்ததுதான் குடுக்கவேணும். சரியான அளவிலை, அவன் ஆறுதலாய்ச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுற மட்டுக்கும்."

"தாய் விடமாட்டாள் ஐயா. மருந்து ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைச்சிருக்கிறாள்."

"ஆர் சொன்னது?"

நான் சைக்கிளை உருட்டினேன்.

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப நீர்தான் போய் மாத்திச் சொல்லவேணும்."

அன்று பின்னேரம் போனபோது செல்லி பனையின் இனிப்புச் சாறான கருப்பணியைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பனங்கட்டி ஊற்றுகிற பதத்துக்குப் பானையில் பாகு திரண்டுகொண்டிருந்தது. தம்பன் பனையில் இருந்தான். அவன் இடுப்பில் பாளைக்கத்தி இருப்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் மருந்தைப் பற்றிச் சொன்னேன். அவள் அகப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் ஐயா. அந்த மருந்து வேண்டாம். பிள்ளை எங்கடை மடியிலையே கிடந்து இருமட்டும்."

"மருந்திலை பிழையில்லை. பிள்ளையின்ரை உடம்பிலையும் பிழையில்லை" என்றேன். "அண்டைக்கு நான் அளக்கேல்லை. கண்ணாலை ஊத்தினனான். கூடிப்போச்சு. உனக்குப் பொய் சொன்னனான்."

அவள் "எவ்வளவு கூடினது?" என்று கேட்டாள்.

பையிலிருந்து கிளாசை எடுத்தேன். அவள் குடத்திலிருந்து தண்ணீர் வாங்கி முதலாம் கோட்டுக்கு விட்டுக் காட்டினேன். "இவ்வளவுதான் குடுக்கவேணும்." பிறகு மறுபடி ஊற்றினேன். இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு, அதற்கும் மேலே. "அண்டைக்கு இவ்வளவு இருக்கும்."

"யன்னலிலை நிக்கிற பிள்ளையளுக்கு?"

"அளந்துதான் குடுத்தனான்."

பானை பொங்கியது. அவள் குனிந்து அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்தாள். பாகை அகப்பையால் தூக்கி ஊற்றிப் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"பனங்கட்டி காய்ச்சிறதெண்டால் கண் போதும் ஐயா. பிள்ளைக்குமோ?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். புறப்பட எழுந்தபோது, "நில்லுங்கோ" என்றாள். "நாளைக்குக் காலமை நான் வாறன். உங்கடை யன்னலுக்கு வாறன். உந்தக் கிளாசிலை அளந்து, உந்தக் கிளாசாலைதான் குடுக்கவேணும். நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

அப்போதிக்கரியிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார். கிளாஸ் கொதிக்கவைக்கும் அடுப்பை யன்னலோரத்துக்கு மாற்றச் சொன்னார், எல்லாருடைய கண்ணிலும் படட்டும் என்று.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் ஐந்தாறு குடும்பம் எங்கள் யன்னலை விட்டுவிட்டு மூன்று மைல்கட்டைக்கு அப்பாலிருந்த டிஸ்பென்சரிக்குப் போனது. குக்கல் பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையும் பின்னேரமும் மூன்று கட்டை நடப்பது லேசான காரியமா? அடுத்த வாரமே முதலாவது குடும்பம் திரும்பி வந்தது. கடைசியாக வந்தது விதானையாரின் மருமகள். கிளாசைக் கொதிக்க வைக்கும்வரை பொறுக்கச் சொன்னேன். "எல்லாப் பிள்ளைக்கும் குக்கல்தானே, சும்மா ஊத்துங்கோ" என்று என்னை ஏசினாள்! கதிரனுக்குச் சித்திரை பிறக்கமுன் இருமல் ஓய்ந்தது, கன்னத்தில் சதை வைத்தது. நான் மாற்றலாகிப் போகும்போது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

செல்லி சொன்னபடி மறுநாள் காலை வந்தாள். வேம்பைக் கடந்து வந்து யன்னலில் நின்றாள். கையில் பிளா இல்லை. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். யாரோ காறித் துப்பினார்கள். அவள் பிள்ளையை யன்னல் திட்டில் இருத்திப் பிடித்துக்கொண்டாள். நான் சாடியைச் சரித்து முதலாம் கோட்டுக்கு மருந்தை விட்டு, தண்ணீருக்குக் கை நீட்டினேன்.

"பொறுங்கோ ஐயா" என்றாள். "மேலை தூக்கிப் பிடியுங்கோ."

கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கூடிப்போச்சு."

நானும் பார்த்தேன். ஒரு மயிரிழை. கூடித்தான் இருந்தது. சாடிக்குள் இரண்டு துளி திருப்பி விட்டுவிட்டு மறுபடி காட்டினேன். நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "இப்ப குடுங்கோ."